மூன்றாம் மேசை காலியில்லை

செங்கம் சாலையில் இருக்கும் ‘வெள்ளிக்கிண்ணம் டிபன்ஸ்’ கடையின் மூன்றாம் மேசையில் ஜினமதி அம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இரண்டு இட்லி போன ஆடி மாதத்திலிருந்து தீரவில்லை. அந்த மாதம் தக்காளி விலை ஏறியது, பிறகு இறங்கியது. இட்லி அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிண்ணம் என்ற பெயரில் மாவட்டத்துக்கு ஒரு கடையாவது இருக்கிறது. எங்கேயும் வெள்ளியும் கிடையாது, கிண்ணமும் கிடையாது. மாவு சென்னையிலிருந்து குளிர்வண்டியில் வரும். சட்னி பொடியாக வரும். வாடிக்கையாளரைப் பார்த்து எப்படிச் சிரிக்க வேண்டும் என்பது வீடியோவாக வரும். டோக்கன் வாங்கி, நம்பர் கூப்பிட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, சாப்பிட்டதும் எழுந்துவிட வேண்டும். யாரும் அதிக நேரம் உட்காரக் கூடாது என்பதற்காகவே நாற்காலிகளைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்துச் செய்திருக்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கிரிவலம் முடித்துக் கால் வலியோடு வருகிறவர்கள்கூட அங்கே கால் மணி நேரம் தாங்குவதில்லை.

ஜினமதி அம்மாள் அன்று அந்தக் கடைக்கென்று கிளம்பவில்லை, கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினாள். போளூர்ப் பக்கத்துச் சமணக் கிராமத்தில் பிறந்தவள். ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர் யசோதரனின் மனைவி. அவள் வீட்டில் காலை டிபன் நான்கு விதம். யசோதரனுக்கு இட்லி, மகன் ஜினேந்திரனுக்குத் தோசை, மருமகள் ஸ்வேதாவுக்கு ஓட்ஸ், பேரனுக்கு அன்றைக்கு அவன் எதைச் சொல்கிறானோ அது. எல்லோரும் எழுந்த பிறகு அவள் உட்காருவாள். அப்போது சட்னி தீர்ந்திருக்கும், இட்லி ஆறியிருக்கும். பேரன் மிச்சம் வைத்ததும் ஸ்வேதா மிச்சம் வைத்ததும் அவள் தட்டுக்கு வரும். தட்டில் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது யசோதரனின் கண்டிப்பான கொள்கை. அதை அவர் எல்லோருக்கும் சொன்னார், அவள் கடைப்பிடித்தாள்.

அன்று காலை யசோதரன் ஒரு துண்டு இட்லியைச் சட்னியில் தொட்டு வாயில் வைத்துவிட்டு, “உப்பு கம்மி. கறிவேப்பிலையும் இல்ல,” என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். திரும்பும் வழியில் வெள்ளிக்கிண்ணத்தின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. யாரும் அவளுக்கு அதுவரை கதவு திறந்துவிட்டதில்லை என்பதால் உள்ளே போனாள்.

“சாம்பார்ல வெங்காயம் போடுவீங்களா?” என்று டோக்கன் கொடுப்பவரிடம் கேட்டாள்.

“போடுவோம்மா.”

“அப்ப சட்னி மட்டும் குடுங்க.”

இரண்டு இட்லியையும் சாப்பிட்டு முடித்தபோது தட்டில் இரண்டு இட்லி இருந்தன. ஆவி பறந்தது. அவற்றையும் சாப்பிட்டாள். மறுபடி இரண்டு இருந்தன. மேசை துடைக்க வந்த சந்திரம்மாளிடம், “ஏம்மா, நீங்களா வெச்சீங்க?” என்று கேட்டாள்.

“இங்க யாரும்மா சும்மா வைப்பாங்க? ரெண்டாந்தரம் சட்னிக்கே காசு கேக்குறாங்க,” என்றாள் சந்திரம்மாள்.

வயிறு உப்பவில்லை, பசியும் போகவில்லை. ஜினமதி அம்மாள் நிதானமாகச் சாப்பிட்டாள். மதியம் ஆனதும் கிளை மேலாளர் சக்திவேல் வந்து, வீடியோவில் சொல்லியிருந்தபடி சிரித்துவிட்டு, தட்டை எடுக்கப் போனார். தட்டோடு மேசையும் சேர்ந்து எழும்பியது. மெதுவாகக் கீழே வைத்துவிட்டுச் சென்னைக்குப் போன் செய்தார்.

சாயங்காலம் ஜினேந்திரன் வந்தான்.

“அம்மா, எல்லாரும் பாக்குறாங்க. எழுந்து வாங்க. அப்பா காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல.”

“தட்டுல இருக்குதேடா. முடிச்சிட்டு வரேன்.”

“அது முடியாதும்மா!”

“அப்ப எப்படி எழுந்திருக்கிறது? உங்கப்பாவையே கேளு.”

அப்பாவைக் கேட்டார்கள். யசோதரன் நெடுநேரம் யோசித்தார். தன் கொள்கைக்கு விதிவிலக்கு தேடினார். முப்பது வருடம் அரசாங்க விதிகளுக்கெல்லாம் விதிவிலக்கு கண்டுபிடித்தவருக்கு இதற்கு மட்டும் கிடைக்கவில்லை. பூர்வீக ஊர்ப் பெரியவர்கள் சிலரைப் போனில் கேட்டார். தட்டில் உணவு இருக்கும்போது ஒருவரை எழுப்புவது பாவம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதைச் சொன்னபோது அவர்கள் ஒவ்வொருவரின் மனைவியும் பக்கத்திலேயே இருந்தாள்.

இப்படியாக ஜினமதி அம்மாள் அங்கேயே தங்கினாள். இருட்டிய பிறகு சாப்பிடும் வழக்கம் அவள் குடும்பத்தில் இல்லாததால், பொழுது சாய்ந்ததும், தட்டில் இருப்பதைக் காலையில் முடிப்பதாகச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிவிடுவாள். கடையின் பின்னறையில் சந்திரம்மாளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். விடிந்ததும் குளித்து, மூன்றாம் மேசையில் உட்காருவாள். இட்லி சூடாகக் காத்திருக்கும். முன்பக்கம் சாய்ந்திருந்த நாற்காலி சில வாரங்களில் பின்பக்கம் சாய்ந்துகொண்டது.

சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தட்டிலிருந்து இட்லிகளை எடுத்து விற்றால் மாவுச் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டார். ஆனால் அந்தத் தட்டிலிருந்து வேறு தட்டுக்குப் போன இட்லி உடனே ஆறி, கல்லாகி, வெள்ளிக்கிண்ணத்தின் மற்ற இட்லிகளைப் போலவே ஆகிவிட்டது. அதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. அதிகாரி அம்மாளைப் படம் பிடித்து, ‘தீராத சுவை’ என்று வாசலில் பெரிய பேனர் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த பௌர்ணமிக்குக் கூட்டம் தாங்கவில்லை. கும்பிட வந்தவர்கள் டோக்கன் வாங்க வேண்டும் என்று சக்திவேல் விதி செய்தார். பிள்ளை வரம் கேட்டார்கள், வேலை கேட்டார்கள், வீட்டுமனைத் தகராறு தீர வழி கேட்டார்கள். அம்மாள் எல்லோரிடமும், “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள். ஆசிரமப் பக்கம் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, கஷ்டப்பட்டுக் கற்ற தமிழில், “அம்மா, நான் யார்?” என்றார்.

“டோக்கன் நம்பரப் பாருப்பா,” என்றாள் அம்மாள்.

அவருக்கு அந்த இடத்திலேயே தெளிந்துவிட்டது. மறுநாள் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய், அங்கே இப்போது வகுப்பு நடத்துகிறார். கட்டணம் ஜாஸ்தி என்று கேள்வி.

வீட்டில் ஸ்வேதா முதல் வாரமே தன் ஓட்ஸைத் தானே கொதிக்க வைத்துக்கொண்டாள். அதற்கு நான்கு நிமிஷம்தான் ஆகிறது என்று அறிந்து, இத்தனை வருடம் மாமியார் ஏன் அதைச் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டாள். ஜினேந்திரன் ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டான். பேரன் மூன்றாம் மேசைக்கு வந்து பாட்டியோடு உட்கார்ந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனான். யசோதரன் ஒருநாள் உப்புமா கிளறினார். மறுநாள் அந்தப் பாத்திரத்தைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டார். பிறகு ஆட்டோக்காரன் மூலம் வெள்ளிக்கிண்ணத்திலிருந்தே பார்சல் வரவழைத்துச் சாப்பிட்டார். அந்தச் சட்னியில் உப்பு எப்படி என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில் அவரே நேரில் வந்தார். இளைத்திருந்தார். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. மூன்றாம் மேசைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்து, “உக்காருங்க,” என்றாள். முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் சாப்பிடுவதை அவர் எதிரில் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிட்டு, ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். அவளுக்கு இப்படிச் சாப்பிடத்தான் பிடிக்கும் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

“எப்ப முடியும்?” என்றார்.

“தெரியலைங்க.”

“நல்லாருக்குதா?”

“சூடா இருக்குதுங்க.”

ஆவி அவர் முகம் வரைக்கும் வந்தது. அவர் எச்சில் விழுங்கினார். “ஒண்ணு எடுத்துக்கட்டுமா?” என்றார்.

ஜினமதி அம்மாள் தட்டைப் பார்த்தாள். இரண்டு இட்லி இருந்தன. எப்போதும் இருக்கும் இரண்டு. தட்டைத் தன் பக்கம் லேசாக இழுத்துக்கொண்டாள்.

“வேணாங்க. எனக்கே பத்தாது.”

பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த சந்திரம்மாளின் கை நின்றது. யசோதரன் கோபப்பட வாயைத் திறந்தார். சுற்றிலும் டோக்கன் வாங்கிக் கும்பிட்டபடி நின்றவர்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பிறகு எழுந்து போய், வரிசையின் கடைசியில் நின்று, தனக்கு ஒரு பொங்கல் வாங்கிக்கொண்டு வந்தார். பொங்கல் ஆறியிருந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வருகிறார். கூட்டம் கம்மியாக இருந்தால் இருவரும் பேரனைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் மூன்றாம் மேசை எப்போது காலியாகும் என்று கேட்டால், சக்திவேல் வேறு மேசையைக் காட்டுகிறார். யசோதரன் சாப்பிட்டதும் தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போடுகிறார். அவர் தட்டு எல்லோருடைய தட்டையும் போலத் தீர்ந்துவிடுகிறது.