நாலு மணி டீ

கம்பெனியில் அவருக்கு ‘நாக்கு சார்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் முகத்துக்கு நேராகச் சொன்னாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், பெருமையாகத் தலையாட்டுவார். முப்பத்து நான்கு வருஷம் தேயிலை ருசி பார்த்த நாக்கு அது. நீளமான மேஜையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். சூடு பட்டால் நாக்கு கெட்டுவிடும் என்று, டீ ஆறுகிறவரை காத்திருப்பார். பிறகு ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு கரண்டி எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்று சுற்றவிட்டு, காலடியில் இருக்கும் தொட்டியில் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். ஒரு நாளைக்கு முந்நூறு கிண்ணம். ஒரு கிண்ணத்துக்கு ஒரே ஒரு கரண்டி. இரண்டாவது கரண்டி கேட்கிறவன் தன் நாக்கைத் தானே நம்பாதவன் என்பது அவர் கட்சி. அவர் கேட்டதே இல்லை.

அந்த நாக்குக்காக வீடே பத்தியம் இருந்தது. பூண்டு கிடையாது, பச்சை வெங்காயம் கிடையாது, காரம் பேருக்குத்தான். வாசனைச் சோப்பு வாசற்படி ஏறக் கூடாது. மகள் கல்லூரிக்குப் போன நாட்களில் சென்ட் அடித்துக்கொள்ள வேண்டுமென்றால் பஸ் நிறுத்தத்துக்குப் போய்த்தான் அடித்துக்கொள்வாள். இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். போனில் பேசும்போதெல்லாம், “அப்பா, இப்ப நான் நாலு விதமான சென்ட் வச்சிருக்கேன்” என்று வெறுப்பேற்றுவாள்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை நாக்கு சார் செய்த முதல் காரியம், ஒரு முழு வெங்காயத்தைப் பச்சையாக உப்பைத் தொட்டுத் தின்றதுதான். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. “அடடா, இத்தனை நாளா இது எங்கடா இருந்துது!” என்று வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த நாள் கடையிலேயே அதிகம் மணக்கிற சோப்பைக் கேட்டு வாங்கி வந்து அரை மணி நேரம் குளித்தார். அப்புறம் பூண்டு. அப்புறம் பெப்பர்மிண்ட். மழை விட்ட தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். பகல் பதினொரு மணிக்கு, ஊரே வேலை பார்க்கும் நேரத்தில், பேப்பரை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார். ரிட்டயர் ஆனால் மனுஷன் ஒடிந்து போய்விடுவான் என்று பயமுறுத்திய நண்பர்களை நினைத்தால் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஒடிவதாவது! சந்தோஷப்படுவதற்கு நேரம் போதவில்லை அவருக்கு.

மூன்றாவது வாரம்தான் நாலு மணியைக் கண்டுபிடித்தார்.

அவர் மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவள், தெருவுக்கு அவள் டெய்லரம்மா. காலை ஒன்பதுக்கு ஓட ஆரம்பிக்கும் மிஷின் நாலு மணிக்கு டக்கென்று நிற்கும். சின்னப் பாத்திரத்தில் டீ போட்டு எடுத்துக்கொண்டு பின்னறை ஜன்னல் பக்கம் போவாள். வெட்டி வைத்த துணி மூட்டையின் மேல் காலை நீட்டி, ரஸ்க்கை டீயில் முக்கி, அது உடைந்து விழுவதற்குள் லபக்கென்று வாயில் போட்டுக்கொள்வாள். புடவையில் நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருப்பாள். அரை மணி நேரம் யார் கூப்பிட்டாலும் பதில் வராது.

அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை. வார நாட்களில் நாலு மணிக்கு அவர் ஆபீசில் துப்பிக்கொண்டு இருப்பார், ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கிக்கொண்டு இருப்பார். கதவிடுக்கு வழியே பார்த்தபோது, யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்பது போன்ற ஒரு நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது. அதற்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வெங்காயத்துக்கு வந்த ஆசை மாதிரி இல்லை இது. ஆசைப்பட்டதைத் தள்ளிப்போடுகிற ஆளா அவர்? நேராக உள்ளே போனார்.

“எனக்கும் ஒரு கப் போடேன்.”

ரஸ்க் பாதி வழியில் நின்றது. “உங்களுக்கா? டீயா?”

“ஏன், நான் டீ குடிக்கக் கூடாதா?”

“நீங்க எப்ப குடிச்சிருக்கீங்க?” என்றாள். ஆனாலும் எழுந்து போய் ஒரு கப் கொண்டு வந்து கொடுத்தாள்.

அவர் நல்லபடியாகக் குடிக்கத்தான் நினைத்தார். ஆனால் கப் உதட்டில் பட்டதும் வாய் தன் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. சர்ரென்று ஓர் உறிஞ்சல், வாய்க்குள் ஒரு சுற்று. மூளை விழித்துக்கொள்வதற்குள் உடம்பு எழுந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ரோஜாத் தொட்டியில் துப்பிவிட்டது. போதாக்குறைக்கு ஆபீஸ் குரல் வேறு வந்தது: “இலை பழசு. தண்ணி ரெண்டு தடவை கொதிச்சிருக்கு.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அசடு வழியத் திரும்பினார்.

“கல்யாணமான மூணாவது மாசமும் இதேதான் சொன்னீங்க” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “இதே மாதிரிதான் துப்பினீங்க. அன்னிக்கு வாஷ்பேசின், இன்னிக்கு ரோஜாத் தொட்டி.”

“பழக்க தோஷம்” என்று இழுத்தார். “அதுக்கப்புறம்தானே நீ எனக்கு டீயே கொடுக்காம வெந்நீர் கொடுக்க ஆரம்பிச்சே? என் நாக்கைக் காப்பாத்தத்தானே?”

இதை அவர் முப்பத்தோரு வருஷமாக ஆபீசில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். பிரிவு உபசார விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “இந்த நாக்கைக் காப்பாற்றியது என் மனைவியின் வெந்நீர்” என்று முழங்கினார். கூட்டமே கை தட்டியது. முன்வரிசையில் இருந்த அவளும் தட்டினாள்.

“உங்க நாக்கையா?” என்றாள் இப்போது. “உங்ககிட்ட இருந்து என் டீயைக் காப்பாத்திக்கிட்டேன்.”

கப்பை வாங்கி வைத்துவிட்டு, அவரை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். படாரென்று சாத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாக, சத்தமே வராமல் சாத்தினாள். நாக்கு சாருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் காலை கம்பெனி மேனேஜர் போன் செய்தார். புதிய ஆளுக்கு வந்த நாளிலிருந்தே மூக்கடைப்பாம். “திங்கட்கிழமையிலேருந்து ஒரே ஒரு வருஷம் வாங்க சார். உங்க மேஜை அப்படியேதான் இருக்கு. யோசிச்சு வைங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுறேன்.” உள்ளதைச் சொன்னால், நாக்கு சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அங்கே அவர் துப்பினால் நாலு பேர் குறிப்பெடுப்பார்கள். யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். மனைவியிடம் சொன்னார். “உங்க இஷ்டம்” என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று மத்தியானம் கை கழுவப் போனவர் நின்றுவிட்டார். வாசனைச் சோப்பைக் காணோம். அந்த இடத்தில் பழைய சோப்பு, ஒரு மணமும் இல்லாத வெள்ளைக் கட்டி, கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் கேட்கவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. திங்கட்கிழமை அவர் போய்விடுவார் என்று வீட்டை மறுபடி நாக்குக்குத் தயார் செய்துவிட்டாள். முப்பத்தோரு வருஷமும் இப்படித்தான் வாயைத் திறக்காமல் செய்திருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. எந்த நாக்கை ஊர் உலகம் தலையில் வைத்துக் கொண்டாடியதோ, அதைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த ஒரு அரை மணி நேரம் மட்டும்தான் இந்த வீட்டில் அவளுடையது, அதிலும் போய்த் துப்பிவிட்டு வந்திருக்கிறோம் என்று புரிந்தது.

ஆனால் உட்கார்ந்து வருத்தப்படுவதெல்லாம் அவருக்கு வராது. நாக்கைப் பழக்கினவனுக்குத் தொண்டையைப் பழக்கத் தெரியாதா? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் முழுசாக இருக்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போனார்.

டீக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். இருபது வருஷமாக நாக்கு சார் கடையைத் தாண்டும்போதெல்லாம் அவர் பாத்திரத்தை மூடி வைப்பது வழக்கம். “சார், என்ன தப்பு நடந்துபோச்சு?” என்றார்.

“ஒண்ணும் நடக்கலை. ஒரு டீ கொடுங்க. நான் துப்பாம பார்த்துக்கணும், அவ்வளவுதான் உங்க வேலை.”

முதல் கிளாஸ் பாதி சாக்கடைக்குப் போனது. இரண்டாவதில் கடைக்காரர் எதிரே நின்று, “விழுங்குங்க சார், விழுங்குங்க!” என்று, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி கத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நாக்கு சார் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார். சூடாகத் தொண்டையில் இறங்கியது, நெஞ்சில் பரவியது, வயிற்றில் போய் நின்றது. அப்படியே அசையாமல் இருந்தார். முப்பத்து நான்கு வருஷத்தில் அவருக்குள் டீ கழுத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை. எத்தனை லட்சம் கிண்ணம்! சாப்பாட்டுக் கடைக்கு வெளியே நின்று இலையை எண்ணிவிட்டு வந்த மாதிரி அல்லவா இருந்திருக்கிறோம் என்று நினைத்தார். நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

“எப்படி சார்?” என்று கடைக்காரர் ஆவலாகக் கேட்டார்.

“தூள் மட்டம். பால் தூக்கல்” என்றது வாய்.

கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “குடிச்சிட்டீங்க சார். ஆனா வாய் மட்டும் இன்னும் ஆபீஸ்லயே இருக்கு.”

புதனும் வியாழனும் வாய்க்கான பாடம். குடிக்க வேண்டும், குடித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். வியாழக்கிழமை நாலாவது கிளாசில்தான், வாயில் வந்த தீர்ப்பை டீயோடு சேர்த்து விழுங்கினார். பெஞ்சே கை தட்டியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பரணில் அவள் ஒளித்து வைத்திருந்த வாசனைச் சோப்பைத் தேடி எடுத்துப் பழையபடி கிண்ணத்தில் வைத்தார். வெள்ளைக் கட்டியைத் துணி துவைக்கிற கல்லுக்கு அனுப்பினார். நாலு மணிக்கு மிஷின் நின்றது. அவள் கை கழுவப் போனாள். தண்ணீர்ச் சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கேட்டது.

அவர் தன் பங்கு வெந்நீரைத் தானே ஊற்றிக்கொண்டு பின்னறை வாசலில் போய் நின்றார். “டீ வேண்டாம். சும்மா உக்காந்துக்கறேன்.”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு துணி மூட்டையிலிருந்து ஒரு காலை எடுத்து இடம் விட்டாள். கொஞ்ச நேரம் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ரோஜாத் தொட்டியில் ஒரு மொட்டு விட்டிருந்தது.

“சோப்பு வாசனை தூக்குது” என்றாள் அவள், கையை மோந்துகொண்டு.

“ம்.”

அவள் இன்னொரு கப்பை எடுத்தாள். பாத்திரத்தில் இருந்ததில் பாதியை ஊற்றி அவரிடம் நீட்டினாள். கத்தரிக்கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அவர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவர் உறிஞ்சவில்லை, ஒரு வாய் குடித்தார். இலை பழசு. தண்ணீர் ரெண்டு தடவை, ஏன், மூணு தடவை கொதித்திருந்தது. ரஸ்க்குத் தூள் வேறு மிதந்தது. எல்லாம் அவருக்குத் தெரிந்தது, தெரியாமல் போகுமா? அதை அப்படியே உள்ளே இறக்கினார். நெஞ்சு கதகதவென்று ஆனது. எதிரே அவள் நீட்டிய கால், புடவையில் நூல் பிசிறு, ஜன்னல் வெயில். இன்னொரு வாய் குடித்தார். கப்பின் அடி தெரிகிறவரை குடித்தார்.

“எப்படி இருக்கு?” என்றாள் அவள்.

முப்பத்து நான்கு வருஷ வார்த்தைகளெல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. பொய்யாகப் புகழ்ந்தால் அடுத்த நொடியே பிடித்துவிடுவாள். அவர் காலிக் கப்பை அவளிடம் நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் இருக்கா?”

அவள் கப்பைப் பார்த்தாள், உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பாத்திரத்தை முழுசாக அவர் கப்பில் கவிழ்த்தாள். தனக்கு வைத்திருந்ததும் அதில்தான் போயிற்று.

அப்போது போன் அடித்தது. மேனேஜர். நாக்கு சார் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “நீயே எடு. இனிமே வரலைன்னு சொல்லிடு. எனக்கு டீ ஆறிடும்” என்றார்.

அவள் எடுத்தாள். “வணக்கம்ங்க. இருக்கார், ஆனா இப்ப பேச முடியாது. டீ குடிச்சிட்டிருக்கார். இனிமே வரலைன்னு சொல்லச் சொன்னார்.”

அந்தப் பக்கம் மேனேஜர் போட்ட சத்தம் ஜன்னல் வரைக்கும் கேட்டது. “குடிக்கிறாரா? நம்ம சாரா?”

“ஆமாங்க” என்றாள் அவள், அவரைப் பார்த்துக்கொண்டே. “ரெண்டாவது கப்.”