உடல் திடத்துடன் வைத்த தீ

ஆனைமுட்டி மேட்டில் நான் வைத்த தீயைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இருந்தாலும் நானே எழுதிவிடுகிறேன். அடுத்தவன் எழுதிய காகிதத்தை நம்பி அலைந்தது போதும்.

என் பெயர் பழனிமுத்து. வில்பட்டிக்காரன். காட்டிலாகாவில் இருபத்திரண்டு வருசம் தீக்காவல். தை பிறந்தால் எங்கள் மலையில் புல் காய்ந்துவிடும். சித்திரை மழை விழுகிற வரைக்கும் எங்களுக்குச் சோறு தண்ணி காட்டில்தான். பச்சைக் குழையை ஒடித்து அடித்தே பாதித் தீயை அணைப்போம். அடிக்கு அடங்காத தீக்கு எதிர்த்தீ. வருகிற தீக்கு முன்னாலேயே நாங்கள் புல்லைக் கொளுத்தி, அது வந்து சேரும்போது தின்ன ஒன்றும் இல்லாமல் பண்ணுவோம். எங்கள் கூட்டத்தில் அந்த எதிர்த்தீயை வைக்கிற கை என் கைதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு ஐப்பசியில் எங்கள் பூண்டுக் காட்டில் மூன்று தடவை மயங்கி விழுந்தேன். மிஷன் டாக்டரம்மா நாடியைப் பிடித்துப் பார்த்து, நிமிசத்துக்கு முப்பதுதான் அடிக்கிறது என்று கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே என் வயிற்றுத் தோலுக்கு அடியில் பாலிஷ் டப்பா மாதிரி ஒன்றை வைத்துத் தைத்து, அதிலிருந்து ரெண்டு கம்பியை இருதயத்துக்குக் கொண்டுபோனார்கள். சீமைச் சாமான். நிமிசத்துக்கு எழுபது தட்டு. படுத்தாலும் எழுபது, மலை ஏறினாலும் எழுபது, பெண்டாட்டி வைதாலும் எழுபது. உள்ளே இருக்கிற பேட்டரி ரெண்டு வருசம் தாங்கும், மாற்றுவதற்கு இன்னொன்று வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். நான் கணக்குப் பார்த்தேன். ரெண்டு தீக்காலம்.

தையில் காக்கியைப் போட்டுக்கொண்டு ரேஞ்ச் ஆபீஸுக்குப் போனேன். ரேஞ்சர் சுப்புராஜ் புதிதாக வந்தவர். என் வயசில் பாதி இருக்கும்.

"மேல போயி நீ விழுந்து கெடந்தா யாருய்யா பதில் சொல்றது?"

"விழுந்தா செத்திருப்பேன். எங்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்க."

"இந்தப் பேச்செல்லாம் வேணாம். பிட்னஸ் சர்ட்டிபிகேட் கொண்டா."

டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். மெதுவாக ஏறலாம், ஓடக் கூடாது, மற்றபடி வேலை பார்க்கலாம் என்று. ரேஞ்சர் அதை விரலால் தள்ளினார். அரசாங்க டாக்டர் கையெழுத்துதான் செல்லுமாம். அரசாங்க டாக்டரிடம் போனேன். அவர் என் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்லை. தகுதின்னும் எழுத மாட்டேன், தகுதி இல்லைன்னும் எழுத மாட்டேன்."

"அப்ப நான் என்னதான் செய்யிறது?"

"வீட்டுல இருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ரேஞ்சரும் அதையேதான் சொன்னார், உன் நல்லதுக்கு. காயலாக்காரன், வேலைக்கு எடுக்க முடியாது என்று ஒரு காகிதமும் எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். என் நல்லதுக்கு என்று சொல்லிக்கொண்டு ரெண்டு பேரும் அவரவர் தலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருசத்தில் என் தலைமயிர் நாலு தடவை கருகியிருக்கிறது. அப்போதெல்லாம் என் நல்லதை ஒருத்தனும் கேட்டதில்லை.

மாசி முழுக்க ஆபீஸ் வாசலில் நின்றேன். என்னோடு வேலை பார்த்த ராமர் குழை வெட்டுகிற கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியாகப் போவான்.

"ஏலே ரேடியோ, இன்னிக்கி என்ன பாட்டுலே?"

"உன் எழவுப் பாட்டு. கிட்ட வந்து காதை வையி."

அவன் கேலி எனக்கு வலிக்கவில்லை. போகும்போது, "நீ இல்லாம எதிர்த்தீ வைக்கப் பயமா இருக்குலே" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான் பாருங்கள், அதுதான் வலித்தது. என் வீட்டுக்காரி கருப்பம்மாளுக்கோ உள்ளுக்குள் நிம்மதி. "வேணாம்னு சொல்றவன் வாசல்ல எதுக்கு நிக்கிறீக? பூண்டுக்குத் தண்ணி பாச்சுங்க" என்பாள்.

பங்குனியில் ஒருநாள், பதினொரு மணி இருக்கும், பூண்டுக் காட்டில் நின்றவன் ஆனைமுட்டிச் சரிவில் புகையைப் பார்த்தேன். தீ கீழிருந்து மேலே ஏறுகிறது. மேட்டுக்கு மேலே வாட்டில் மரத்தோட்டம். அதற்குள் பட்டை உரிக்கிற கூலிக் குடும்பங்களின் பதினாலு குடிசை.

கருப்பம்மாள் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு நடந்தேன். மூணு மைல். நாற்பது எட்டு வைப்பேன், நிற்பேன். திரும்ப நாற்பது. டப்பா என்னோடு ஓடி வராது. ஓடினால் கண் இருட்டிவிடும். அந்தக் கணக்கு எனக்கும் அதுக்கும் மட்டும் தெரியும்.

மேட்டு உச்சியில் தீக்கோடு உண்டு. புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக விட்டிருக்கிற பட்டை. அதன் ஓரத்தில் ராமர் கையில் பந்தத்தோடு நிற்கிறான். பின்னால் ஆறு பேர். ரேஞ்சர் கத்துகிறார், "கொளுத்துய்யா, என்னத்தைப் பாக்குறே?"

"ராமரு, வைக்காதே" என்றேன்.

ரேஞ்சர் திரும்பினார். "உன்னை யாருய்யா இங்க வரச் சொன்னது?"

"காத்து இன்னும் மேல அடிக்குதுங்க. இப்ப வச்சா தீ கோட்டைத் தாண்டித் தோட்டத்துக்குள்ள போயிரும். கீழ வர்ற தீ கிட்ட வந்தா, காத்தைத் தன் பக்கம் இழுக்கும். புல்லு நுனி அதைப் பாத்துச் சாயும். அப்பத்தான் வைக்கணும்."

"கிட்டன்னா?"

"மூஞ்சி காந்தணும்."

ரேஞ்சர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். இன்னும் ஆள் கூட்டி வருகிறேன் என்று ஜீப்புக்குப் போனார். ஜீப் போகிற சத்தம் கேட்டது. திரும்பி வருகிற சத்தம் அன்றைக்குக் கேட்கவில்லை.

ராமர் பந்தத்தை என்னிடம் நீட்டினான்.

"இப்ப வைக்கலாமாலே?"

"பொறு."

"ஏலே, புருவம் பொசுங்குதுலே."

"பொசுங்கட்டும். எப்பிடியும் நீ அழகன் இல்ல."

பயம் எனக்கும் இருந்தது. டப்பாவுக்கு மட்டும் தெரியவில்லை. அது பாட்டுக்கு எழுபது தட்டிக்கொண்டிருந்தது. தீ ஐம்பது எட்டுக்கு வந்தது. நாற்பதுக்கு வந்தது. எங்கள் பக்கம் சாய்ந்திருந்த புல்லு நுனி நிமிர்ந்தது, ஒரு நொடி ஆடாமல் நின்றது, அப்புறம் தீயைப் பார்த்துச் சாய்ந்தது. பந்தத்தைக் கோட்டு ஓரத்தில் வைத்து இழுத்துக்கொண்டே நடந்தேன். அடுத்த முனையிலிருந்து ராமர் இன்னொரு பந்தத்தை இழுத்தான். ரெண்டு தீயும் சரிவில் முட்டிக்கொண்ட சத்தம் லாரி கவிழ்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் கரிதான்.

ஒரு பொறி மட்டும் கோட்டைத் தாண்டி, போன வருசம் நட்ட பைன் கன்றில் ஒரு துண்டைப் பொசுக்கிவிட்டது. அதை மறைக்க மாட்டேன். அது நான் வைத்த தீயிலிருந்து போனதுதான். பதினாலு குடிசையும் அப்படியே இருக்கின்றன.

எட்டாம் நாள் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். காக்கியைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனேன். வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. மேசையில் என் மேல் போட்ட கேசுக் காகிதம் இருந்தது. பணியில் இல்லாத ஆள் ரிசர்வ் காட்டில் தீ வைத்த குற்றம். பைன் கன்றுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். ஜீப்பில் போனவர் சொல்வாரா?

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு" என்றார் ரேஞ்சர்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆத்திரத்தில் கண் வேறு மறைத்தது. முதல் தடவை படித்து முடித்ததும் கிழித்து வீசத்தான் கை போனது. ஒரு வரி தடுத்தது. அதைத் திரும்பப் படித்தேன்: 'மேற்படி பழனிமுத்து என்பவர் வில்பட்டியிலிருந்து மூன்று மைல் கால்நடையாக வந்து, செங்குத்தான சரிவில் ஏறி, நல்ல உடல் திடத்துடனும் சுயபுத்தியுடனும் தீ வைத்தார்.' மயக்கத்தில் வைத்துவிட்டேன் என்று நான் கோர்ட்டில் தப்பித்துவிடக் கூடாதாம். அதற்காகத்தான் இத்தனை அழுத்தம்.

"ஆட்சேபணை உண்டா?"

"ஒரு எழுத்துக்கூட மாத்த வேணாம். உங்க கையெழுத்தும் சீலும் போட்டு எனக்கு ஒரு நகல் குடுங்க."

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறிக் கீழே காட்டிலாகாவின் பெரிய ஆபீஸுக்குப் போனேன். பெரிய ஆபீசர் முன்னால் அந்த நகலையும், தையில் ரேஞ்சர் என்னைத் திருப்பி அனுப்பி எழுதிய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"காயலாக்காரன்னு வேலைக்கு விடலை. திடமானவன்னு கேசு போட்டிருக்காரு. ரெண்டும் ஒரே கையெழுத்துங்க. எது நெசம்னு நீங்க சொல்லிருங்க."

அவர் ரெண்டையும் ரெண்டு தடவை படித்தார்.

"கேசு கோர்ட்டுக்குப் போயிருச்சு. நான் நிறுத்த முடியாது."

"நிறுத்தச் சொல்லலீங்க."

அப்புறந்தான் அவர் என் முகத்தைப் பார்த்தார். டாக்டரம்மா கொடுத்த சர்ட்டிபிகேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சித்திரை பதினைந்தில் உத்தரவு வந்தது. பழைய வேலை, பழைய கூட்டம். ரேஞ்சர் என் முகத்தைப் பார்க்காமலே காகிதத்தை நீட்டினார். கேசு அப்படியேதான் கிடக்கிறது. ஆடியில் வாய்தா. காக்கி போட்டுக்கொண்டுதான் போவேன். நீதானே வைத்தாய் என்று கேட்டால் ஆமாம் என்பேன். திடமாகத்தான் இருந்தாயா என்று கேட்டால் அதற்கும் ஆமாம்தான்.

டப்பாவில் இன்னும் ஒரு தீக்காலம் இருக்கிறது. ஆனைமுட்டியில் தீக்கோட்டை இன்னும் பத்தடி அகலமாகச் செதுக்க ஆள் வேண்டும் என்று ரேஞ்சரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு வரைக்கும் பதில் இல்லை.