நெமௌசஸ் காசில் இருந்த மிருகம்

ரோமப் பேரரசின் நெமௌசஸ் நகரச் சந்தையில் வேகவைத்த கொண்டைக்கடலை விற்கும் வெராத்தியாவுக்கு அன்று வியாபாரம் மந்தம். கையில் கிடந்த வெண்கலக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முதுகோடு முதுகாக இரண்டு தலைகள். அவை ரோமப் பேரரசருடையதும் அவருடைய தளபதியுடையதும் என்று ஊருக்கே தெரியும். மறுபக்கத்தில், பேரீச்சை மரத்தடியில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு மிருகம். பிறந்ததிலிருந்து பார்க்கிற காசுதான். ஆனாலும் அது என்னவென்று அவள் யாரையும் கேட்டதில்லை.

"இது என்னங்க?" என்று அடுப்பு ஊதிக்கொண்டிருந்த கணவன் கரந்தஸிடம் நீட்டினாள்.

"பல்லி."

"பல்லிக்கு இவ்வளவு பல்லா?"

"அப்ப நாய்னு வச்சுக்க. காசு செல்லுதா இல்லையா, அதைப் பாரு."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. எதிரே செருப்புக் கடையில் கிழவர் நுமீசியஸ் உட்கார்ந்திருந்தார். எகிப்தில் படைவீரராக இருந்துவிட்டு இந்த ஊரில் குடியேறியவர். காசோடு அவரிடம் போனாள்.

"பெரியவரே, இதை நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

"முதலைம்மா அது. நைல் ஆத்துல கட்டை மாதிரி மெதக்கும்."

"எவ்வளவு பெருசு? பூனை அளவு இருக்குமா?"

கிழவர் எழுந்து சந்தையின் கல்தரையில் நீட்டிப் படுத்தார். "உம் புருஷனைக் கூப்பிடு. என் தலைமாட்டுல இருந்து அவன் படுக்கணும்."

கரந்தஸ் முனகிக்கொண்டே வந்து படுத்தான். "கடலை தீயுதுடி!"

"தீயட்டும். அசையாதீங்க."

ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பார்த்தாள். மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"வாலு இன்னும் கொஞ்சம் போகும்," என்றார் கிழவர், படுத்தபடியே.

கரந்தஸ் எழுந்து அடுப்புக்கு ஓடினான். கிழவர் மண்ணைத் தட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். ஒருநாள் ஒரு முதலை வாயைத் திறந்தபடி கரையில் வெயில் காய்ந்ததாம். அதன் பற்களுக்கு நடுவே சின்னப் பறவை ஒன்று நடமாடிக்கொண்டு, பல்லிடுக்கில் கொத்திக் கொத்தித் தின்றதாம்.

அத்தனை நீளத்தை நம்பியவளுக்கு இதை நம்ப முடியவில்லை. "வாய்க்குள்ளயா? அது சும்மாவா விட்டுச்சு?"

"விட்டுச்சே."

"அப்புறம்? பறவை வெளிய வந்துச்சா?"

நுமீசியஸ் விழித்தார். எத்தனையோ பேருக்குச் சொன்ன கதை. ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

"தெரியலையேம்மா. முதலை லேசாத் திரும்புச்சு. நான் ஓடியே வந்துட்டேன்."

"அய்யோ, நின்னு பாத்திருக்கக் கூடாதா!" என்று அங்கலாய்த்தாள் வெராத்தியா. பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "சரி, அந்தப் பறவை என்ன நிறம்? அதையாவது சொல்லுங்க."