ஒற்றை விசில்

கண்டக்டர் அந்தக் கம்பளியை நாலாவது தடவையாக உதறி மடித்துக்கொண்டிருந்தார். முனைக்கு முனை சேர மாட்டேன் என்றது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த கை, ஒரு கம்பளியை மடிக்க வராமல் தடுமாறியது. தைல வாசனை இன்னும் போகவில்லை. நடுவில் கொஞ்சம் ஈரமும் இருந்தது.

"மாமா, அதை வைங்க. வண்டி வர்ற நேரமாச்சு," என்றான் மைத்துனன். செத்துப்போனவளின் தம்பி. நேற்று மத்தியானத்திலிருந்து அவன்தான் வீட்டை நடத்துகிறான். நாற்காலி, பூ, வருகிறவர்களுக்குத் தண்ணீர் என்று எல்லாவற்றிலும் அவன் குரல்தான்.

"ஈரமா இருக்குடா."

"இருந்துட்டுப் போகட்டும். இப்ப எதுக்கு அது?"

எதுக்கு என்று இவருக்கு மட்டும் தெரிந்ததா என்ன? அழுகை வந்தால் தேவலை. வரவில்லை. கைக்கு ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

முன்னறையில் டீச்சர் படுத்திருந்தாள். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது, கட்டிக்கொண்டவரும் அப்படியே. கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி. மூன்று நாளாகத் துடைத்துத் துடைத்து மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. இனி அது ஆறப்போவதில்லை என்று யோசித்தார், அந்த யோசனையும் வேறு யாரோ சொன்னது மாதிரி தூரத்தில் நின்றது.

வெறும் சளிதான். நேற்றுக் காலையில், "நெஞ்சு கனக்குதுங்க. டாக்டர்கிட்ட ஒரு எட்டுப் போய்ட்டு வந்துடலாமா?" என்று கேட்டாள்.

"சளிக்கெல்லாமா டாக்டர்? நல்லா ஆவி பிடி, எல்லாம் இளகிடும்," என்றது இவர்தான்.

அந்த வீட்டில் ஆவி பிடிக்க ஒரு முறை உண்டு. ஸ்டூலின்மேல் கொதிக்கக் கொதிக்க ஒரு பாத்திரம் வெந்நீர், அதில் ரெண்டு சொட்டுத் தைலம், தலையோடு கம்பளி. அப்புறம் கண்டக்டர் தன் பித்தளை விசிலை எடுத்து ரெண்டு தடவை ஊதுவார். ரெண்டு விசில் என்றால் வண்டி கிளம்பலாம். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். மகள் சின்னதாக இருந்தபோது கம்பளிக்குள் போகப் பயந்து ஊரைக் கூட்டினாள் என்று ஆரம்பித்த விளையாட்டு. மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது, கல்யாணமாகிப் போய்விட்டாள், விளையாட்டு மட்டும் நிற்கவில்லை. ரிடையரான அன்று விசிலை டிப்போவில் ஒப்படைக்காமல் அமுக்கிக்கொண்டு வந்ததே இதற்காகத்தான். ஒற்றை விசில் கேட்காமல் யாரும் தலையை வெளியே நீட்டக் கூடாது.

"கண்டக்டர் சார், ஸ்டாப்பிங் வரலையா? வேகுது!" என்று உள்ளேயிருந்து மூக்கடைத்த குரல் வரும்.

"எக்ஸ்பிரஸ்மா இது. நடுவுல நிக்காது."

ஒரு வகுப்பையே ஒரு முறைப்பில் அடக்குகிறவள், அந்த விசிலுக்கு மட்டும் அப்படிக் கட்டுப்படுவாள்.

நேற்றும் ரெண்டு விசில் ஊதினார். ஊதி முடிக்கவும் வாசலில் பிரேக்கண்ணன் குரல். இருபது வருஷம் இவரோடு ஒரே பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். அடுத்த தெருவில் நாய் குரைத்தால் இங்கே பிரேக் போடுவார் என்று டிப்போ வைத்த பேர் அது. இப்போது அமரர் ஊர்தி ஓட்டுகிறார். பத்து நிமிஷம்தானே என்று கண்டக்டர் வாசல் கேட்டுக்குப் போனார். பழைய இன்ஸ்பெக்டர் ஒருத்தர் படியிலிருந்து சேற்றில் விழுந்த கதையில் பேச்சு சூடுபிடித்தது. ரெண்டு கிழவர்களும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். விசில் சட்டைப் பைக்குள் சும்மா கிடந்தது. அரை மணி நேரம் ஓடிவிட்டது.

திரும்பி வந்தபோது கம்பளி கலையாமல் அப்படியே இருந்தது. "ஐயையோ, மறந்தே போயிட்டேன் டீச்சர்," என்று சிரித்துக்கொண்டே கம்பளியை இழுத்தார். தலை சுவரில் சாய்ந்திருந்தது. பாத்திரத்துத் தண்ணீர் ஆறிப் போயிருந்தது.

"ஹார்ட். ஒரு நொடியில முடிஞ்சிருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க," என்றார் டாக்டர்.

"எந்த நொடியில டாக்டர்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் எழுத ஆரம்பித்தார்.

கண்டக்டருக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. ரெண்டாவது நிமிஷம் என்றால் சரி. இருபதாவது நிமிஷம் என்றால்? நெஞ்சை அடைக்க அடைக்க, இந்தா ஊதிவிடுவார் என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தாளா? ஸ்டாப்பிங் வரலையா என்று கேட்டாளா? அதைச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

"அப்பா."

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். ராத்திரி பூராவும் அழுது முகம் வீங்கியிருந்தது.

"அம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களாப்பா?"

"இல்லம்மா."

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"பக்கத்துலயேவா?"

"பக்கத்துலயேதான்."

"அது போதும்பா. தனியா போகலையே," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் தோளுக்குப் பின்னால், நிலைப்படியில், பிரேக்கண்ணன் வண்டிச் சாவியோடு நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். கண்டக்டர் அவரைப் பார்த்தார். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"வண்டி வந்திருக்கு," என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. மைத்துனன் தலைமாட்டைப் பிடித்தான், நாலு பேர் தூக்கினார்கள், துணியை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டார்கள். டீச்சரை வண்டியின் நடுவில் வைத்தார்கள். இரண்டு பக்கமும் பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்தார்கள், தலைமாட்டை ஒட்டி மகள். ஒருத்தரும் சொல்லாமலேயே கண்டக்டர் பின்படியில் ஏறி, கதவில் தோளைக் கொடுத்துச் சாய்ந்து நின்றார். கம்பளி கக்கத்தில் இருந்தது.

"உள்ள வந்து உட்காருங்க மாமா."

"இருக்கட்டும்டா."

மைத்துனன் உள்ளேயிருந்து தகரத்தை ரெண்டு தட்டுத் தட்டி, "போலாம்!" என்றான். வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்தது. வீட்டு கேட் பின்னால் போனது. அந்த வெள்ளைத் துணி முகத்தின்மேல் லேசாக ஆடியது.

கண்டக்டரின் கை சட்டைப் பைக்குள் போனது. நேற்றுப் போட்ட அதே சட்டைதான். விசிலை வாயில் வைத்தார். தைல வாசனை அடித்தது. ஒரே ஒரு விசில், நீளமாக ஊதினார்.

பிரேக் விழுந்தது. வண்டி குலுங்கி நின்றது.

"என்ன மாமா? எதையாவது மறந்துட்டீங்களா?" மைத்துனன் எழுந்தே விட்டான்.

அவர் அவனைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். அவள் கண் விசிலிலேயே இருந்தது.

"நேத்து இதை ஊதலம்மா," என்றார். "நான் கேட்ல நின்னுட்டிருந்தேன்."

மகள் அவரைப் பார்க்காமல், துணியின் ஓரத்தை எடுத்து அம்மாவின் முகத்திலிருந்து கழுத்து வரைக்கும் இறக்கிவிட்டாள்.

முன்னால் பிரேக்கண்ணன் எஞ்சினை அணைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கின்மேல் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு, ரெண்டு விசில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.