நாற்பத்தோராம் பக்கம்

“உதையும் வெட்டிப்போட்டியே?” கஸ்பர் சித்தப்பா மடிக்கணினிக்குள் எட்டிப் பார்த்தார்.

றீற்றா நிமிரவில்லை. வோபர்ன் அடுக்குமாடியின் அந்தச் சின்ன அறையில் ஒட்சிசன் மெசின் இரைந்துகொண்டிருந்தது. கட்டிலில் அப்பா சீமோன் ஒவ்வொரு மூச்சையும் தோளால் தூக்கி எடுத்துக்கொண்டிருந்தார். காலையில் வந்த நேர்ஸ், அப்பா இன்றையப் பொழுதைத் தாண்டமாட்டார் என்று அவளிடம் தனியே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அப்பா வேலைசெய்த தொழிற்சாலைக்கு எதிரான மேன்முறையீட்டின் எழுத்து வாதம் மாலை ஐந்து மணிக்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இரண்டு தடவை தவணை வாங்கியாயிற்று. அதற்குமுன் அப்பா போய்விட்டால் வழக்கு அப்படியே நின்றுவிடும். அதைச் சித்தப்பாவிடம் அவள் சொல்லவில்லை.

“பத்தொன்பது வருசம் பெயின்ற் புகைக்குள்ள அண்ணையும் நானும் நிண்டனாங்கள். நான் எழுதித் தந்ததில ஒரு வரியும் இல்லை. நீயெல்லாம் ஒரு லோயர்!”

“சித்தப்பா, போனமுறை வழக்காடின லோயர் அறுபத்திரண்டு பக்கம் குடுத்தவர். மாஸ்க் முடிஞ்சுபோச்செண்டு ஃபோர்மன் எழுதின கடிதம் நாற்பத்தோராம் பக்கத்தில கிடந்தது. தீர்ப்பில அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாஸ்க் குடுத்தது, இவர்தான் போடேல்லை எண்டு முடிச்சிட்டினம்.”

“அப்ப அண்ணை பட்ட பாடு?”

அப்பாவின் விரல்கள் கட்டில் விளிம்பில் தட்டின. “வாசி.”

அவள் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். இப்போது கடிதம் முதல் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்க்காமல் விட்டது ஏன் பிழை என்பதுதான் மீதி ஏழு பக்கமும். அதில் இருமி இருமி விடிந்த இரவுகள் இல்லை. அம்மா இல்லை. சித்தப்பாவும் இல்லை.

மூன்றாம் பக்கத்தில் அப்பா கையைத் தூக்கினார்.

“உது... ரெண்டுதரம் சொல்லுறாய்.”

பார்த்தாள். உண்மைதான். அந்தப் பந்தியை எடுத்துவிட்டு மேலே வாசித்தாள். முடிந்ததும் அவர் முகத்தைத் தம்பியின் பக்கம் திருப்பினார்.

“கோவிக்காதை... கஸ்பர்.”

சித்தப்பா யன்னலுக்குப் போய் நின்றுகொண்டார்.

“அனுப்பு, பிள்ளை.”

நாலு முப்பத்தெட்டு. பொத்தானை அழுத்தினாள். திரையில் நீலக் கோடு ஊர்ந்தது, பாதியில் நின்றது, மறுபடி ஊர்ந்தது. கடைசியில் பதிவு இலக்கம் வந்தது.

“போயிட்டுது, அப்பா.”

திரும்பினாள். மெசின் இரைந்துகொண்டுதான் இருந்தது. தோள்கள் எழவில்லை.

அவள் கூப்பிட முன்னமே சித்தப்பா வந்துவிட்டார். கட்டிலின் கால்மாட்டில் குந்தி, போர்வைக்கு வெளியே கிடந்த பாதத்தை எடுத்து மடியில் வைத்து, ஒரு காலுறையை மெல்ல மெல்ல மாட்டத் தொடங்கினார்.