அப்பாவிடம் மிஞ்சிய சொல்

விமான நிலைய வாசலில் அப்பாவைக் காணவில்லை என்றதுமே சின்னவளுக்கு மனசில் ஏதோ நெருடியது. அவளை வழியனுப்ப வந்த அன்று இதே வாசலில் நின்று, போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "என் சின்னப் பொண்ணு, உலகப் போட்டிக்குப் போறா" என்று தம்பட்டம் அடித்தவர் அவர். என்ன விளையாட்டு என்று யாரோ கேட்டதற்கு, "விளையாடப் போகல, விளையாடறவங்க முழுகிடாம பாத்துக்கப் போறா" என்று அவளை முந்திக்கொண்டு பதிலும் சொன்னார்.

உண்மைதான். ஊர் நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளராக வேலை பார்த்தவளை, வெளிநாட்டில் நடந்த சர்வதேச நீச்சல் போட்டிக்கு, பயிற்சியும் சேர்த்துச் சில மாதங்கள், கரைக் காவலுக்கு எடுத்திருந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் அப்பாவின் சலூனில் முடிவெட்டிக்கொண்டவர்களைவிடக் கேலி பேசியவர்கள்தான் அதிகம். "ஏன் வானொலி, உலகச் சாம்பியனுக்கே நீந்த வரலையா, உங்க பொண்ணைக் கூப்பிடறாங்க?" என்றார் பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர். "சாம்பியனா இருந்தாலும் கால் இழுத்துக்கிட்டா தண்ணி விடுமாய்யா?" என்று கேட்டு, அப்பா அவர் வாயோடு சேர்த்து நுரையை அப்பிவிட்டார்.

பேச்சில் அவரை மடக்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அதனால்தான் வானொலி என்ற பட்டப்பெயர். வானொலியையாவது திருகி நிறுத்தலாம், இவருக்கு அந்தத் திருகும் வைக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்பாள் அக்கா பெரியவள். ஆனால் கேட்கவும் தெரிந்தவர். நாற்காலியில் உட்கார்ந்தவர் ஏதாவது சொல்ல வந்து தயங்கினால், கத்தரியை நிறுத்திவிட்டு, கண்ணாடி வழியாக அவர் கண்ணைப் பார்த்து, "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு மயங்கிக் குடும்ப ரகசியத்தைக் கொட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது வாசலில் நின்றது அக்காவின் கணவர் மட்டும். மாமா வாயைத் திறப்பதற்கே கூலி கேட்பவர்போல இருக்கிற மனிதர். அப்படிப்பட்டவர் பெட்டியை வாங்கியதிலிருந்து வெயிலைப் பற்றி, சாலையில் தோண்டியிருக்கும் பள்ளத்தைப் பற்றி, வண்டிச் சக்கரத்தைப் பற்றி, மூச்சு விடாமல் பேசிக்கொண்டே வந்தார்.

"அப்பா ஏன் வரல மாமா?"

"வீட்லதான் இருக்காரு. இந்தப் பாலம் நீ போகும்போது இல்ல, பாத்தியா?"

பாலம் அவள் பிறப்பதற்கு முன்பே இருந்தது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் வண்டி சலூன் இருந்த தெருவுக்குள் திரும்பியது. ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பூட்டில் தூசி. ஷட்டர்மேல் யாரோ விளம்பரத் தாள் ஒட்டி, அதுவும் பாதி கிழிந்திருந்தது. அப்பா காய்ச்சலிலும் கடையைத் திறக்கிறவர்.

"வண்டிய நிறுத்துங்க மாமா."

அவர் நிறுத்தினார். ஆனால் அவள் பக்கம் திரும்பவில்லை. "வீட்டுக்கு வாம்மா. உங்க அக்கா சொல்லுவா" என்றார்.

அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தில் ஒரு பாதி மலர்ந்தது. "அப்புறம்!" என்றார்.

அதைக் கேட்டு அவளுக்கு உயிர் வந்தது. "அப்புறம் என்ன, வந்துட்டேன்ல? நீங்கதான் வராம ஏமாத்திட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் போனாள்.

"அப்புறம்" என்றார் அவர். "அப்புறம். அப்புறம்." உதடு கோணியது. இடது கை அவள் கன்னத்தைத் தேடி வந்தது. வலது கை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல மடியில் கிடந்தது.

அடுப்படியில் வைத்துத்தான் பெரியவள் எல்லாவற்றையும் சொன்னாள். சின்னவள் போன கொஞ்ச நாளிலேயே நடந்திருக்கிறது. அப்பா ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று நாக்குக் குழறியது. அவர் குடிகாரன்போலப் பேசிக் காட்டுகிறார் என்று நினைத்துக் கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மாதிரி நடித்துக் காட்ட யாரால் முடியும்? அவர் தடுமாறத் தடுமாற இன்னும் சிரித்தார்கள். பூட்டுக்கடைக்காரர் கைகூடத் தட்டினாராம். கத்தி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்த பிறகுதான் ஒருவர் எழுந்தார். பாதி முகத்தில் நுரையோடு இருந்த அந்த ஆளே அப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியிருக்கிறார்.

"ஆஸ்பத்திரில, கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்னாங்க" என்றாள் பெரியவள். "சிரிச்சுக்கிட்டு இருந்த நேரம்தான் அது. யாரைன்னு திட்டறது? பூட்டுக்கடைக்காரர் இன்னிக்கும் வந்து வாசல்ல நின்னு அழுதுட்டுப் போறாரு."

"எனக்கு ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா ஓடி வந்திருப்ப."

"வந்திருப்பேன்தான்!"

"வந்து?" பெரியவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் சின்னவளுக்குத் தாங்கவில்லை. "டாக்டரே கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாரு. நீ வந்து என்னடி பண்ணியிருப்ப? அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் நீ போனது. டிவில போட்டி ஓடும்போது குளத்தையே பாக்க மாட்டாரு. கரையில உக்காந்திருக்கற ஆளுங்களைத்தான் பாப்பாரு. எது நீன்னு தெரியாது. சிவப்புச் சட்டை போட்ட எல்லாரையும் பாத்து அப்புறம், அப்புறம்னு கத்துவாரு."

அவர் புரிந்துகொள்கிறாரா என்று கேட்டாள். சில சமயம் எல்லாம் புரிகிற மாதிரி இருக்கும், சில சமயம் தண்ணீர் கேட்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்றே தெரியாது என்றாள் பெரியவள். வாரம் ஒரு தடவை ஒரு பெண் வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாள். மற்ற சொற்களெல்லாம் உள்ளேதான் இருக்கின்றன, வழிதான் அடைபட்டிருக்கிறது என்கிறாள். வழி எப்போது திறக்கும் என்று கேட்டால் மட்டும் தரையைப் பார்க்கிறாள்.

சின்னவளுக்கு ஒரு போன் பேச்சு நினைவுக்கு வந்தது. அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லி, கழுத்தில் துண்டைச் சுற்றி, வீடியோவில் காட்டினார்கள். அவர் இடது கையை ஆட்டினார். "ரெண்டு நாளாவது தெரு நிம்மதியா இருக்கட்டும்பா" என்று இவள் சிரித்தாள். அவரும் சிரித்தார் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள்.

மதியம் சாப்பாடு ஊட்டிவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவருக்குச் சொல்லவென்று அங்கே ஒவ்வொரு நாளும் கதை சேர்த்து வைத்திருந்தாள். இப்போது சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவரே "அப்புறம்?" என்றார். பழைய "அப்புறம்?" மாதிரியேதான் இருந்தது, இழுப்பும் குழைவுமாக.

சொன்னாள். உயரமான நாற்காலியில் விசிலோடு உட்கார்ந்து, உலகத்திலேயே நன்றாக நீந்துகிறவர்களுக்குக் காவல் இருந்ததைச் சொன்னாள். கண் கொட்டாமல் பார்க்க வேண்டும், கைதட்டக் கூடாது, யார் ஜெயித்தாலும் முகத்தில் காட்டக் கூடாது. ஒரு பந்தயத்தில் ஒரு பெண் எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். மற்றவர்கள் ஏறிப் போய்த் துடைத்துக்கொண்ட பிறகும் அவள் மட்டும் மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றாள். அவள் முழுகவில்லை, அழுதாள். சின்னவள் இறங்கிப் போய்க் கரையில் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். ஒருத்தி பாஷை ஒருத்திக்குத் தெரியாது. இவள் "வாம்மா" என்று தமிழில் சொன்னாள். அந்தப் பெண் வந்தாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்பா. துண்டைப் போத்திக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"அப்புறம்." இந்த முறை அது கேள்வி இல்லை. அப்பாவின் இடது கை ஜன்னலைக் காட்டியது. "அப்புறம்! அப்புறம்!"

தண்ணீர் கொடுத்தாள். தட்டிவிட்டார். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், திரையை விலக்கினாள். மூக்குக் கண்ணாடி, சட்டை, போர்வை, போன் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து முன்னால் நீட்டினாள். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். குளியலறைக்கா என்று கேட்டதற்கு அவளை முறைத்தார். நெற்றியில் நரம்பு புடைத்தது.

"தினமும் இப்படித்தானா?"

"இவ்வளவு பிடிவாதம் இன்னிக்குத்தான்" என்றாள் பெரியவள். "உன்னைப் பாத்ததும் நீ கண்டுபிடிச்சிருவன்னு நெனைக்கிறாரோ என்னவோ."

ஜன்னல் பக்கம் என்றால் தெரு. தெரு என்றால் கடை. சின்னவளுக்குப் பொறி தட்டியது. சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். சாவியை மறந்துவிட்டதால் பூட்டுக்கடைக்காரரே வந்து பூட்டைத் திறந்துவிட்டார். ஷட்டரைத் தூக்கியதும் அடைபட்டிருந்த பவுடர் வாசனை வெளியே வந்தது. கண்ணாடியில் அப்பா தன்னைப் பார்த்தார். தாடி மண்டிக் கிடந்தது. இடது கை தாடியைத் தடவியது.

"சவரம்!" என்றாள் சின்னவள், கிட்டத்தட்டக் கூச்சலாக. "சவரம் பண்ணிக்கணுமா? இதைத்தான் கேட்டீங்களா?"

அவர் முகத்தை நீட்டினார். பூட்டுக்கடைக்காரர் அவசர அவசரமாகத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். அவளுக்கு யாருக்கும் சவரம் செய்து பழக்கமில்லை. பார்த்துப் பார்த்து வளர்ந்தவள்தானே என்ற தைரியத்தில் நுரை பூசி, மெதுவாக ஒரு கன்னத்தை மழித்தாள். "பாத்தீங்களா அண்ணே, கேட்டதைக் கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள். அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கத்தியைத் தள்ளிவிட்டு, கதவுப் பக்கம் கையை நீட்டினார். "அப்புறம்."

பாதி முகத்தை அப்படியே விட முடியாது. கெஞ்சிக் கூத்தாடி மறு கன்னத்தையும் முடித்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து நுரையில் கலந்தது. துடைத்துவிட்டு, கடையை மூடச் சொல்லி, அவர் காட்டிய திசையில் நாற்காலியைத் தள்ளினாள். மருந்துக்கடை வந்தது, தலையை ஆட்டினார். தையல்கடை வந்தது, ஆட்டினார். நாலு சாலை சேரும் இடத்தில் கையை வலப்பக்கம் காட்டினார். திருப்பினாள். உடனே இடப்பக்கம் காட்டினார். பின்னாலிருந்த வண்டிக்காரன் ஒலியெழுப்பித் திட்டிக்கொண்டே சுற்றிப் போனான்.

"எந்தப் பக்கம்பா? சும்மா காட்டுங்க, நான் போறேன். எவ்வளவு தூரம்னாலும் போறேன்."

நீட்டிய கை கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு தானாக இறங்கி, மடியில் கிடந்த மற்றக் கைமேல் படுத்தது. அவர் மணல் லாரி ஒன்று திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவர் முகம்.

அவள் அவர் முன்னால் மண்டியிட்டுக் கண்ணைப் பார்த்தாள். "சொல்லுங்கப்பா" என்றாள். அவர் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைக்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பெரியவள் வாசலில் நின்றிருந்தாள். மழித்த முகத்தைப் பார்த்து ஒரு நொடி சிரித்தாள். "என்னவாம்?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா."

நாற்காலியின் முன்பக்கத்தை ஒருத்தியும் பின்பக்கத்தை ஒருத்தியுமாகப் பிடித்து, படியேற்றி, அவரை உள்ளே கொண்டுபோனார்கள்.