ஜெர்மனிக்காக நின்ற தறிகள்

என் மகள் அபிநயாவின் நேர்காணலில் மாலையும் கையுமாக ஆள் வந்து நின்றதற்கு நான்தான் காரணம். பழியை வேறு யார் மேலும் போட வழியில்லை.

ஜெர்மனியில் மெக்கானிக்கல் படிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக ஒற்றைக்காலில் நின்றாள். மூன்று மாதம் தொழிற்சாலையில் வேலை, மூன்று மாதம் கல்லூரியில் பாடம் என்று மாறி மாறிப் போகும் படிப்பு அது. முதலில் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டால்தான் கல்லூரியில் இடம். பதினோரு கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. பம்பு செய்யும் இந்தப் பன்னிரண்டாவதுதான் கடைசி. இதுவும் போனால் இந்த வருடம் அவ்வளவுதான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு லேப்டாப்பில் பேச வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் மட்டும் முப்பது தறி. அந்தச் சத்தத்தில் நாம் பேசுவதே நமக்குக் கேட்காது, ஜெர்மன்காரருக்கு எங்கே கேட்கும்? வீடு வீடாகப் போய், "அரை மணி நேரம் தறிய நிறுத்துங்கபா, பாப்பாவுக்கு இன்டர்வியூ இருக்குது" என்று கேட்டேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் பக்கம் பகலில் மொத்தத் தறியும் நிற்பது இரண்டுக்குத்தான். ஒன்று அமாவாசை, இன்னொன்று சாவு. அன்றைக்கு அமாவாசை இல்லை. அடுத்த தெருவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க எனக்குத் தோன்றவில்லை. என் புத்தியை என்னவென்று சொல்ல?

பேச ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த தெரு ஆதிகேசவன் ரோஜா மாலையோடு நேரே உள்ளே வந்து அபிநயாவின் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"யாரும்மா போய்ட்டது? மாணிக்கவேல் நேத்துகூட நல்லாத்தானே இருந்தான்?" என்று மூக்கை உறிஞ்சினார்.

மாணிக்கவேல் என் கணவர். மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், "இங்கதான்பா குந்திக்கினு இருக்கேன்" என்றார்.

திரையில் நரைத்த தலை அம்மாள் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். குடி கெட்டது என்று நினைத்தேன். அபிநயா நடந்ததை எல்லாம் ஜெர்மனில் சொன்னாள். அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்க பேக்டரியிலயும் மெஷின் சத்தம் நின்னா எல்லாரும் இப்படித்தான் ஓடி வருவோம்" என்றாராம். இதை அபிநயா பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

அடுத்து அவள் செய்த மெஷினைக் காட்டச் சொன்னார்கள். பழைய கிரைண்டர் மோட்டாரை வைத்து அவளே செய்த நூல் சுற்றும் மெஷின் அது. நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். ஓடவிட்டு நூலை அறுத்தாள், நின்றது. இன்னொரு தடவை என்றார்கள். ஆதிகேசவன் மாலையை என் கையில் திணித்துவிட்டு, தானே நூலை அறுத்துக் காட்டினார். அதற்கும் நின்றது.

அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டுவிட்டு, அபிநயாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். நான் இவள் பக்கம் குனிந்தேன்.

"இன்னாமா சொல்றாங்க?"

"செப்டம்பர்ல வந்து சேரச் சொல்றாங்கமா."

ஒன்றரை வருடம் விழுந்து விழுந்து படித்த ஜெர்மன் அந்த நேரம் பார்த்து அவளுக்கு வரவில்லை. திரையைப் பார்த்துக் கைகூப்பி, "வந்துட்றேங்க, கண்டிப்பா வந்துட்றேங்க" என்று தமிழிலேயே சொல்லி அழுதாள். அந்த அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிலுக்குக் கைகூப்பினார்.